இரைச்சல் இல்லாத பாட்டு

எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்காது என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கல்யாணமாகி வந்த புதிதில் அது உண்மையாகவும் இருந்தது. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கித்தார், பின்னால் ஓயாத இரைச்சல். வாணலியில் மீன் பொரிகிற சத்தத்துக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து தனக்குத்தானே முறையிட்டுக்கொள்வது போல இருக்கும். பக்கத்து வீட்டில் சினிமாப் பாட்டு ஓடும், எதிர்வீட்டில் அம்மன் பாட்டு ஓடும், எங்கள் வீட்டில் மட்டும் இந்தக் கூத்து. புதுச்சேரியில் சாரம் பக்கம் எங்கள் தெருக்காரர்கள் எங்களுக்கு ஒப்பாரி வீடு என்று பேரே வைத்துவிட்டார்கள். போஸ்ட்மேன் கூட அப்படிக் கேட்டு வழி கண்டுபிடித்து வந்திருக்கிறார்.

இந்த வம்பை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவான் என் மூத்தார், என் வீட்டுக்காரரின் அண்ணன். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண்ணெடுத்து, அந்த வழியாகப் பிரான்சுக்குப் போய், அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டவர். லீவுக்கு வந்தால் ஆளாளுக்கு சென்ட்டு, சாக்லேட்டு, சீஸ் டப்பா என்று பிரித்துக் கொடுப்பார். தம்பிக்கு என்ன வாங்குவதென்று மட்டும் அவருக்குத் தெரியாது. ஒரு தடவை அங்கே பழைய சாமான் சந்தையில் கிடந்த கேசட்டுகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்து நீட்டினார். அட்டையெல்லாம் பிரெஞ்சு எழுத்து. என்ன பாட்டு என்று கேட்டதற்கு, ப்ளூஸ் என்கிறார்கள், அமெரிக்காவில் கறுப்பு ஆட்கள் பாடினது, ரொம்பப் பழசு என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. யுத்தத்துக்கு முந்தின காலத்து இசைத்தட்டுகளிலிருந்து எடுத்துப் பதிந்த பாட்டுகள் அவை என்பதெல்லாம் எங்களுக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் அப்போது மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அரசுப் பள்ளியில் சின்ன வகுப்புக்கு டீச்சர். ஷிப்டு முடிந்து வந்து, குளித்துவிட்டு, அந்தக் கேசட்டைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார் என்றால் எழுந்திருக்க மாட்டார், தலை மட்டும் ஆடும். ஆங்கிலம் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும், ஆனால் அந்த ஆட்கள் பாடுகிற ஆங்கிலம் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் இல்லை. என்னதான் இருக்கிறது இதில் என்று கேட்டால், "அந்த ஆளு அங்க இருக்காரு, அவ்ளோதான்" என்பார். வேறு பாட்டில் எல்லாம் பாட்டுதான் இருக்கும், இதில் ஆள் இருக்கிறார் என்பது அவர் கட்சி. தறிக்கூடத்து இரைச்சலுக்கு நடுவில் பக்கத்து ஆள் சொல்வதைப் பிடித்துப் பிடித்துப் பழகினவருக்கு அந்த மீன் பொரியல் சத்தம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

கேட்கக் கேட்க எனக்கும் சில விஷயங்கள் பிடிபட்டன. டீச்சர் இல்லையா, ஒன்றைப் பார்த்தால் அதன் அமைப்பைக் கண்டுபிடிக்காமல் மனசு அடங்காது. முதல் அடியைப் பாடுவார்கள். அதையே திரும்பப் பாடுவார்கள். மூன்றாவதாக ஒரு அடி, அது மேலே சொன்னதற்குப் பதில் மாதிரி வரும். சொன்னதையே எதற்கு ரெண்டாம் தரம் சொல்கிறார் என்று கேட்டேன். ஒரு தடவை சொன்னால் யார் கேட்கிறார்கள் டீச்சரம்மா என்றார். பாடுகிறவர் சில இடத்தில் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவார், மிச்சத்தைக் கித்தார் சொல்லும். காலால் தரையைத் தட்டுகிற சத்தம் கேட்கும். மூச்சு வாங்குவது கேட்கும். முடிகிற நேரத்தில் ஒரு அவசரம் தெரியும், ஏனென்றால் அந்தக் காலத்துத் தட்டில் மூன்று நிமிஷத்துக்கு மேல் இடம் கிடையாது. "எடம் பத்தல, பாவம்" என்று சொல்லி இவர் உச்சுக்கொட்டுவார்.

மில் மூடினார்கள். அந்தக் கதையைப் புதுச்சேரியில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. இவர் ஆட்டோ எடுத்தார். ஆட்டோவில் டேப் வைத்தார், அப்புறம் செல்போனும் சின்ன ஸ்பீக்கரும் வந்தன. பீச் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் யாராவது ஏறினால், ஆட்டோவுக்குள்ளே இந்தப் பாட்டு ஓடுவதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். சிலர் இறங்கவே மாட்டார்கள். பாடுகிறவர் பேரைச் சொல்லி ஏதோ கேட்பார்கள், இவருக்கு ஒரு பேரும் தெரியாது, சிரித்துத் தலையாட்டி வைப்பார். வீட்டுக்கு வந்து, அவர்கள் ஊர்ப் பாட்டு அவர்களுக்கே தெரியவில்லை, நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று அளப்பார். பெருமைக்குக் குறைச்சலே இல்லை.

எங்கள் பெண் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிறகு, அந்தப் பாடகர்களைப் பற்றி நெட்டில் தேடித் தேடி வீடியோ காலில் அப்பாவுக்குத் தமிழில் சொல்லுவாள். ஒருத்தர் கண் தெரியாதவர், தெருமுனையில் நின்று பாடிப் பிழைத்தவர். ஒருத்தருக்குப் பேர் மட்டும்தான் மிச்சம், எந்த ஊர், எப்போது செத்தார், ஒன்றும் தெரியாது. ஒருத்தர் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து நாலைந்து பாட்டு பாடிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிக் காட்டு வேலைக்குப் போய்விட்டார். பல வருஷம் கழித்து அந்தத் தட்டைக் கேட்ட சில பையன்கள் தேடிப்பிடித்து அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது, அவர் வீட்டில் கித்தாரே இல்லையாம். பருத்திக் காட்டில் வேலை செய்தவர்கள்தான் முக்கால்வாசிப் பேர் என்று அவள் சொன்னதும் இவருக்கு வந்த ஆனந்தத்தைப் பார்க்க வேண்டுமே. அவர்கள் பறித்தார்கள், நாங்கள் நெய்தோம் என்று தொடையில் தட்டிக்கொண்டார். அப்போ நான் என்ன உடுத்திக் கிழித்தவளா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர்கள் பாடின தட்டை அவர்கள் கேட்டிருப்பார்களா? பெண் தேடிப் பார்த்தாள். சிலர் கேட்டிருப்பார்கள், சிலர் வீட்டில் தட்டு போடுகிற பெட்டியே இருந்திருக்காது என்றாள். அன்றைக்கு முழுக்க அவருக்கு மனசு சரியில்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

நான் எப்போது மாறினேன் என்று எனக்குத் தெரியும், ஆனால் யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மா செத்தபோது எனக்கு அழுகையே வரவில்லை. வந்த சனங்களுக்குக் காபி போடுவதா, ஐஸ் பெட்டிக்காரனிடம் பேசுவதா, சடங்குக்குச் சாமான் வாங்குவதா, எல்லாம் என் தலையில். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு அழுதபோது நானும் கட்டிக்கொண்டு நின்றேன், கண் காய்ந்து கிடந்தது. கருமாதியெல்லாம் முடிந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி, ஒருநாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் அந்தப் பாட்டுகளில் ஒன்று ஓடியது. அதில் வார்த்தையே இல்லை. ஒரு மனுஷன் வாயை மூடிக்கொண்டு முனகுகிறான், கித்தார் கூடவே போகிறது. அவ்வளவுதான். எனக்கு அப்படி ஒரு அழுகை வந்தது. அடுப்பில் எதையோ கிண்டுவது போல முதுகைக் காட்டிக்கொண்டே அழுது தீர்த்தேன். அன்றையிலிருந்து எனக்கு அந்தப் பாட்டுகள் வேண்டியிருந்தன. ஆனால் அத்தனை வருஷம் திட்டிவிட்டு இப்போது போய் நன்றாயிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? ஆரம்பித்துவிட்டார் என்று வழக்கம்போல முணுமுணுப்பேன், சமையலறைக் கதவை மட்டும் சாத்த மாட்டேன்.

அதற்குச் சில வருஷம் கழித்து எங்களுக்குள் சண்டை தொடங்கியது. நான் பேசுவது விளங்கவில்லையாம். வாய்க்குள்ளேயே பேசுகிறேனாம். யாரைப் பார்த்து என்ன பேச்சு! ஒரு வகுப்புப் பிள்ளைகள் அடிக்கிற கூச்சலுக்கு மேலே வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தே காலத்தை ஓட்டினவள் நான். என் குரல் பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் கேட்கும் என்று ஹெட்மாஸ்டரே சொல்லியிருக்கிறார். "வாயத் தொறந்து பேசேன்" என்று இவர் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டுமென்றே செய்கிறார், வயசாகிவிட்டது, நான் சொல்வது இனி இவருக்கு ஒரு பொருட்டில்லை என்று நினைத்தேன். நானும் ரோஷக்காரிதான். பேச்சைக் குறைத்தேன். தட்டை எதிரே கொண்டுபோய் வைப்பேன், தண்ணீர் வைப்பேன், அவ்வளவுதான். இப்படியே எத்தனையோ நாள் போயிருக்கிறது.

அவர் ஆட்டோவில் வாடிக்கையாக ஏறுகிற மீன்காரம்மா ஒருத்தர் பிள்ளைச்சாவடியில் இருந்தார். மார்க்கெட்டில் மீன் விற்று முடித்து, காலிக் கூடையோடு வீடு திரும்புகிறவர். ஒருநாள் நிறுத்து நிறுத்து என்று அந்தம்மா பின்னாலிருந்து கத்தியிருக்கிறார். இவர் பாட்டைக் கேட்டுக்கொண்டே ஜாலியாக ஓட்டிக்கொண்டு போய், கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி எல்லையே வந்த பிறகுதான் நிறுத்தியிருக்கிறார். அதுவும் அந்தம்மா கூடையாலேயே முதுகில் ஒரு போடு போட்டதால். இதை வீட்டுக்கு வந்து அவரே நடித்துக் காட்டினார். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பேசாமல் கிடந்த வீட்டில் அன்றைக்குத்தான் பேச்சு வந்தது, அந்தச் சந்தோஷத்தில் வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

அப்புறம் கொரோனா வந்தது. எல்லோர் வாயும் மாஸ்க்குக்குள் போய்விட்டது. சவாரிக்கு வருகிற ஒருத்தர் பேசுவதும் விளங்கவில்லை, எல்லாம் மூடிக்கொண்டு முனகுகிறார்கள் என்று தினமும் எரிந்து விழுவார். மருந்துக் கடைக்காரரிடம் சண்டை, ரேஷன் கடையில் சண்டை. நானும், நோய்க் காலத்தில் யாருக்குத்தான் பொறுமை இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மாஸ்க்கெல்லாம் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருக்கிறேன். ஹாலில் இவர் பெண்ணுக்கு வீடியோ கால் போட்டார். குரலில் அப்படி ஒரு குதூகலம். "பாப்பா, பாட்ட எவனோ நல்லா தொடச்சிப் போட்டிருக்கான்டி. இரைச்சலே இல்ல. சுத்தமா இல்ல. நீதான அனுப்பன?" என்கிறார். அவள், நான் ஒன்றும் அனுப்பவில்லையே, கேசட்டிலிருந்து ஏற்றின பழசுதானே உங்கள் போனில் இருக்கிறது என்கிறாள். இவர் நம்பவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது, அந்த ஆளே நம் ஹாலுக்கு வந்துவிட்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். மசாலாக் கையோடு நான் சமையலறை வாசற்படியில் வந்து நின்றேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சலும் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் கேட்ட அதே இரைச்சல், ஒரு சொட்டுக் கூடக் குறையவில்லை.

எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கிவிட்டது. மீன்காரம்மா, மருந்துக் கடை, வாய்க்குள் பேசுகிறேன் என்றது, எல்லாம். இவர் என் முகத்தைப் பார்த்து, நன்றாயிருக்கிறது இல்லையா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். காது டாக்டரம்மா ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து என்னென்னவோ சத்தங்களைப் போட்டுப் பார்த்தார். இவர் என்ன வேலை செய்தார் என்று என்னிடம் கேட்டார். தறி என்றதும் தலையாட்டினார். தறிச் சத்தத்தில் பல வருஷம் இருந்தவர்களுக்கு முதலில் மெல்லிசான, கீச்சென்ற சத்தங்கள் போய்விடுமாம். இரைச்சல் அந்த வகை. பேச்சில் ச, த, ப மாதிரி எழுத்துகளின் கூர்மையும் அதோடு போகும். குரலும் கித்தாரும் நடுவாந்தரமான சத்தம், அதனால் அவை இன்னும் நிற்கின்றன. இரைச்சல் எங்கேயும் போகவில்லையம்மா, அதைக் கேட்கிற காதுதான் போயிருக்கிறது என்றார். நிற்பதும் நிற்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

இத்தனை வருஷம் எப்படி ஒருத்தருக்கும் தெரியாமல் போனது என்பதற்கும் விடை மில்லிலேயே இருந்தது. தறி ஓடும்போது அங்கே யாரும் கத்த மாட்டார்கள், கத்தினாலும் கேட்காது. உதட்டை அகலமாக அசைத்துச் சத்தமே இல்லாமல் பேசுவார்கள், மிச்சத்துக்குக் கை இருக்கிறது. மில் ஆட்கள் ரெண்டு பேர் கல்யாண மண்டபத்தில் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் உட்கார்ந்துகொண்டு சாம்பாரைப் பற்றிக் கிண்டல் பேசுவதைப் பார்த்திருக்கிறேன், பரிமாறுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. என் முகத்தைப் பார்த்து நிற்கும்போதெல்லாம் இவர் என் உதட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பைப் பார்த்துத் திரும்பினால் நான் வாய்க்குள் பேசுகிறவளாகிவிட்டேன். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்குவதில்லை. பஞ்சு மலைமலையாகக் கிடந்த இடம். காதில் வைத்துக்கொள்ள ஆளுக்கு ஒரு துளிப் பஞ்சு கொடுக்க வேண்டும் என்று ஒரு பாவிக்கும் தோன்றவில்லையே.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று, அப்போ அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இரைச்சலைத்தான் கேட்கிறார். இருக்கிறது என்றேன். "நீதான திட்டிக்கினே இருந்த. இனிமே நீ மட்டும் கேட்டுக்க" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

ஆட்டோ ஓட்டுவதை அதோடு நிறுத்தினோம். பெண் காது மிஷின் வாங்கி அனுப்பினாள், ரெண்டு காதுக்கும். அதை மாட்டின அன்றைக்கு வீடே அமர்க்களம். காக்கா கத்தினால் திடுக்கிடுகிறார், பாத்திரம் உருண்டால் காதைப் பொத்துகிறார். நீ இவ்வளவு சத்தமாகவா பேசுவாய் என்று என்னைக் கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு நான் பேசின பேச்சுக்கு அளவில்லை. வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன், அடுத்த தெருக் கல்யாணத்திலிருந்து என் முட்டி வலி வரைக்கும். அவரும் ம் ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் பாட்டைப் போட்டார். போட்ட உடனே முகம் மாறிவிட்டது. மனுஷப் பேச்சுக்காகச் செய்த மிஷின் அது. கித்தாரை அது என்னவென்று நினைத்ததோ, ஒரு நேரம் அமுக்குகிறது, ஒரு நேரம் கிறீச்சென்று எழுப்புகிறது. இரைச்சல் முன்னைவிட நாலு மடங்காகத் திரும்பி வந்து நடுவில் நிற்கிறதாம். பாடுகிறவர் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறதாம். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அப்புறம் மிஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இது அவரு இல்ல" என்றார். அவர் அழுததை அன்றைக்குத்தான் நான் முதலில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு வந்தது. பகல் முழுக்க மிஷின், எனக்கும் ஊருக்கும். சாயங்காலம் ஆனால் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் பாட்டு. மிஷின் இல்லாமல் கேட்டால் அந்த ஆள் முழுசாக, சுத்தமாக வருகிறார். ஆனால் நான் வர மாட்டேன். சாயங்காலமானால் என்னைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார் என்று பெண்ணிடம் புகார் சொல்லுவேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன், ஆனால் எனக்கு வலிக்கத்தான் செய்தது. செத்துப்போன யாரோ ஒருத்தருக்கு என்னை விட்டுக்கொடுக்கிறார் என்று பொறாமையாகக் கூட இருந்தது. இருந்தாலும் அந்தப் பாட்டு அவருக்குக் கேட்க வேண்டும் என்று தினமும் சாமியைக் கும்பிட்டதும் நான்தான். பாட்டு கேட்கிற வரைக்கும் காதில் உயிர் இருக்கிறது. அதுவும் போய்விட்டால் நாளைக்கு நான் எவ்வளவு கத்தினாலும் இவருக்குப் போய்ச் சேராது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டார். மறுபடி காட்டியபோது டாக்டரம்மா நடுச் சத்தங்களும் இறங்குகின்றன என்றார். மிஷினை மாற்றி அமைத்துக் கொடுத்தார். அதிலும் என் பேச்சு பாதிதான் காதுக்குள் போனது, மிச்சத்தை உதட்டில்தான் படித்தார். மறுபடி ஒரு தடவை வரச் சொன்னபோது இவர் வர மாட்டேன் என்றுவிட்டார். வந்து என்ன ஆகப்போகிறது என்றார்.

பிறகு ஒரு நல்ல காலம் வந்தது. அப்படித்தான் நான் நினைத்தேன். ஸ்பீக்கரைக் காதிலிருந்து எடுத்து அலமாரியில் பழைய இடத்தில் வைத்தார். சத்தத்தைக் குறைத்தார். நாற்காலியைச் சமையலறைப் பக்கம் பார்த்துப் போட்டுக்கொண்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு, பழையபடி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்க ஆரம்பித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவுக்குக் காது கொஞ்சம் தேறி வருகிறது, பாட்டைச் சின்னச் சத்தத்திலேயே கேட்கிறார் என்று பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளும், அப்படியும் ஆகுமா என்று இழுத்துவிட்டு, ஆனால் நல்லதுதானே என்றாள். பாட்டுகளும் எனக்குப் பிடித்தவையாக அமைந்தன. அந்த முனகல் பாட்டு வாரத்தில் ரெண்டு மூன்று நாள் வந்துவிடும். மழை முடிந்து பனி வந்து, பொங்கலும் போனது. நிம்மதியாகத்தான் இருந்தேன்.

மாசி மாசத்தில் ஒருநாள் சாயங்காலம். நான் முதுகைக் காட்டிக்கொண்டு மேடையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாட்டு பாதியில் நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்திருக்கும், எழுந்துபோய்ப் போடுவார் என்று நினைத்தேன். நாற்காலி நகருகிற சத்தம் கேட்கவில்லை. திரும்பினேன். தலையாட்டாமல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு நின்னுப்போச்சா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தேன். காது கேட்கிற மனுஷன் எதற்கு அதை என்னிடம் கேட்க வேண்டும்?

கத்தியை வைத்துவிட்டுப் போய் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். உதட்டை நன்றாக அசைத்து, உங்களுக்குப் பாட்டு கேட்கிறதா இல்லையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தார் என்று நினைக்கிறேன். பிறகு, மழைக் காலத்திலிருந்தே கேட்கவில்லை என்றார். குரலும் ஒன்றுமில்லை, கித்தாரும் ஒன்றுமில்லை.

"அப்ப தெனம் எதுக்குப் போட்டீங்க?"

"நீ கேக்குறியே."

நானா, எனக்கு எப்போது பிடித்தது, நான் எங்கே கேட்டேன் என்று படபடவென்று பேசினேன். அவருக்கு அதில் பாதி கூட விளங்கியிருக்காது. கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"உங்கம்மா போனதுலேந்து கேக்குற. எனக்குத் தெரியாதா? பாட்டு ஓடுனா உன் தோளு ஆடும். அதப் பாத்துத்தான் நான் தலயாட்டுவேன். இன்னிக்கி நின்னுடுச்சி."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை மாசம் என்னை ஏமாற்றினீர்களா, டாக்டரிடம் வந்திருக்கலாமே, பெண்ணிடம் நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் தெரியுமா என்று கத்தினேன். பிறகு கத்துவதை விட்டேன். அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

இப்போதும் தினமும் சாயங்காலம் பாட்டு போடுகிறார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்குகிறேன். நேற்றும் பாதியில் சார்ஜ் போய்விட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டு முடிய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதுவரைக்கும் தோளை ஆட்டிக்கொண்டே நறுக்கினேன்.